வரவுப் பாட்டைக் கேட்டவர்கள்

ஊவாத் தோட்டங்களின் கலை வரலாறு – 17

சென்ற இதழில் காமன் கூத்தின் ஒப்பனையை எழுதினேன். மன்மதனின் முடி, ரதிக்கு ஆண் கட்டும் சேலை, வீரபத்திரனின் சிவந்த நாக்கு, தீப்பந்த வெளிச்சத்தில் மின்னும் ஜிகினா என்று எல்லாமே கண்ணுக்குரிய சங்கதிகள். இவற்றில் ஒன்றையும் காணாமல், அதே களத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியது இந்த இதழ். கலை வரலாறு எழுதுகிற நாம் ஆடியவர் யார், பாடியவர் யார், வாத்தியார் எந்தத் தோட்டத்துக்காரர் என்றெல்லாம் தேடுகிறோம். எதிரே குந்தியிருந்த சனத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பதில்லை. அந்தச் சனத்தில் கண் தெரியாதவர்கள் இருந்தார்கள் என்பதோ நம் நினைவிலேயே இல்லை.

தமிழ் மரபில் விழிப்புலனற்றவருக்குப் பாடும் பக்கத்தில் எப்போதும் இடம் இருந்திருக்கிறது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசு பெற்றார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை. பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். ஆனால் பாட்டு கட்டத் தெரிந்தால்தான் மரியாதை என்பது நியாயமாகாது. வேலை முடிந்து வந்து கூத்தை ரசித்துவிட்டுப் போக நினைக்கிற சாதாரண ஆளாகவும் ஒருவர் இருக்கலாம். அவருக்கு அந்தக் கலையில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் தோட்டத்தின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆனது. அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலிருந்தே, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து வந்த சனம் பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளில் ஏறிவிட்டது. கூடவே தப்பும் வந்தது. விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்தால் எழும்ப வேண்டும். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த லயமே தெரியாத ஊரில், மேட்டு லயத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பணிய லயத்துக்காரர் தப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். கண் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது ஒரே செய்தியைத்தான் கொண்டுவந்தது. அந்தத் தப்பை அடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கி, கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்களும் நாம்தான். அந்தக் கணக்கை இந்தத் தொடரில் தனியாகவே எழுத வேண்டும்.

இந்தக் காதுகளுக்குத்தான் காமன் கூத்து வந்தது. மாசி மாதத்து அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமி ராத்திரி காமன் எரிப்பு. இடைப்பட்ட ராத்திரிகளில் ரதியும் மதனும் லயம் லயமாக வந்து ஆடுவார்கள். இந்தக் கூத்தில் பாட்டில்லாமல் யாரும் களத்துக்குள் வருவதில்லை. வருகிறவர் தாம் யார், யாருடைய பிள்ளை, எங்கிருந்து எதற்காக வருகிறார் என்பதைத் தாமே வரவுப் பாட்டாகப் பாடுவார். இல்லாவிட்டால் அவருக்காக வாத்தியார் பாடுவார். கோமாளி குறுக்கே விழுந்து, "நீ யாருப்பா, ஒன்னப் பாத்தா பயமா இருக்கே" என்று கேட்பான். கேட்ட கேள்விக்குப் பதிலாகக் கிரீடத்திலிருந்து சலங்கை வரைக்கும் வருணனை வரும். தெருக்கூத்திலும் மட்டக்களப்புக் கூத்திலும் கட்டியகாரன் செய்கிற வேலை இதுதான். களத்தின் கடைசி வரிசையில், தீப்பந்த வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்கிறவருக்கும் ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்று கட்டப்பட்ட முறை இது. அந்த இருட்டு கண் தெரிந்தவர்களுக்கும் பொதுவாக இருந்ததால், கண் தெரியாதவருக்கும் அங்கே சமமாக இடம் கிடைத்தது.

கதையின் முடிவையும் பாருங்கள். சிவனுடைய நெற்றிக்கண்ணில் எரிந்த மன்மதன், ரதி அழுது மன்றாடியபின் உயிர் பெறுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். உலகத்தில் வேறு யாருக்கும் அவன் உருவம் தெரியாது. இந்தக் கட்டத்துக்கு வரும்போது, களத்தில் இருக்கிற அத்தனை பேரும் ரதியின் பாட்டை நம்பித்தான் அவன் திரும்பி வந்ததை அறிய வேண்டும். இதை ஒட்டி எழுந்த லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டிலேயே வழக்காடுவார்கள். அதைக் கேட்க இரண்டு காதும் கொஞ்சம் புராணமும் போதும்.

அருச்சுனன் தபசுக் கூத்தில் இன்னொரு நுணுக்கம். உயரமான தபசு மரத்தில் அருச்சுனன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவான். கீழே உட்கார்ந்து கேட்கிறவருக்குக் குரல் மேலே போய்க்கொண்டே இருக்கும். காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்களைப் பிய்த்துக்கொண்டு போகும். உச்சியில் நின்றதும் எலுமிச்சம்பழம், விபூதி, வில்வ இலை எல்லாவற்றையும் சனத்தின் மேல் எறிவான். பழம் மடியில் விழுந்தவர் அதைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்வார். உயரத்தைக் குரலால் அளந்து, பிரசாதத்தைக் கையால் பிடித்து, அந்தக் காட்சியை முழுமையாக அனுபவிக்கக் கண் தேவைப்படவில்லை.

இதனாலேயே பழைய கூத்து எல்லாக் குறைகளையும் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மன்மதனின் கால் அடவு மாறுவதும், வீரபத்திரன் சுழன்று வந்து சட்டென்று நிற்பதும், காமன் கம்பத்தில் தீ ஏறுவதும் எந்தப் பாட்டிலும் வராதவை. அவற்றைச் சொல்லப் பக்கத்தில் ஒரு பிள்ளை தேவைப்பட்டது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கண்ணில் பூ விழுந்த ஒரு கிழவிக்கும் அவருடைய பேரனுக்கும் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். தப்பு நின்றதும் கிழவி முழங்கையால் இடிப்பார்.

"இப்ப யாருடா நிக்கிறது?"

"வீரபத்திரன், அப்பாயி. வாயில ரத்தம் மாதிரி வச்சிருக்காரு. கத்திய ஓங்கிக்கிட்டு சுத்துறாரு."

"மதன் எங்க?"

"அங்கிட்டு ஓரமா நிக்கிறாரு. குனிஞ்சு நிக்கிறாரு."

பாட்டு தொடங்கியதும் பையன் வாயை மூடிக்கொண்டான். மதன் பயந்துபோய் நிற்கிறான் என்று அவன் சொல்லவில்லை. குனிந்து நிற்கிறான் என்றான். பயத்தைக் கிழவி தானே கண்டுகொண்டார். உலகம் பின்னாளில் பயிற்சி வைத்துக் கற்பிக்கிற ஒரு கலையின் இரண்டு அடிப்படை விதிகளும் அந்தப் பையனிடம் இருந்தன. பாட்டின் மேல் பேசாதே. கண்டதைச் சொல், அதன் அர்த்தத்தைச் சொல்லாதே.

அந்தக் கலைக்குக் காட்சி விவரிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கிரிகரி ஃபிரேசியர் என்பவர், விழிப்புலனற்ற நண்பர் ஒருவருடன் தொலைக்காட்சியில் படம் பார்த்தபோது காட்சிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவே அவருக்கு ஆய்வுப் பொருளாகி, 1970களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடாக வந்தது. நாடக அரங்குக்கு அதைக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு மார்கரெட் ராக்வெல் என்ற பெண்மணிக்கு உண்டு. கோடி ஃபான்ஸ்டீலை மணந்தபின் மார்கரெட் ஃபான்ஸ்டீல் என்று அறியப்பட்டவர். அவரே பார்வை இழந்தவர். அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்காகப் பத்திரிகைகளை வாசித்து ஒலிபரப்பும் வானொலிச் சேவையை 1974இல் வாஷிங்டனில் தொடங்கியிருந்தார். அங்கிருந்த அரீனா ஸ்டேஜ் அரங்கில் 1981இல் பெர்னாட் ஷாவின் 'மேஜர் பார்பரா' நாடகம் விவரிப்போடு நடந்தது. விவரிப்பவர் தனி அறைக்குள் ஒலிவாங்கியோடு இருப்பார். கேட்பவர் ஒரு காதில் மட்டும் சிறு கருவியை மாட்டிக்கொள்வார்; மற்றக் காது மேடைக்கு. வசனங்களுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் நாலைந்து சொற்கள். நாடகம் தொடங்குமுன் மேடை அமைப்பையும் உடைகளையும் பற்றி ஒரு முன்னுரை. பிறகு பிரித்தானியாவிலும் 1980களில் இது பரவியது. திரை விலகுமுன் பார்வையாளரை மேடைக்கே அழைத்துப்போய் வாள், முடி, நாற்காலி எல்லாவற்றையும் தொட்டுப்பார்க்க விடும் வழக்கமும் வளர்ந்தது.

இதே இருபதாம் நூற்றாண்டில் நம் மலைகளில் நடந்தது கொஞ்சம் வேறு கதை. அதன் முதற்பாதி வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் லயத்துக் காம்பராக்களுக்கு வந்தபோது, கண் உள்ளவரும் இல்லாதவரும் மறுபடியும் ஒரே தரத்தில் உட்கார்ந்தார்கள். 'சானா' சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா'வை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் கேட்டார்கள். எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' 1970களில் வர்த்தக சேவையில் வந்தது. ராம்தாஸ் மரைக்காராக முஸ்லிம் மக்களின் தமிழில் பேசுவார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ், எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பிராமணத் தமிழ். வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கூத்தில் வரவுப் பாட்டு செய்த வேலையை இங்கே வட்டாரப் பேச்சு செய்தது. அந்த நாடகத்தின் வெற்றிக்கு நகைச்சுவைதான் காரணம் என்பார்கள். காதுக்கு அவ்வளவு தெளிவாகக் கட்டப்பட்டிருந்ததும் அதற்குச் சமமான காரணம் என்பது என் கருத்து. 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமானது.

1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, பின்னாலேயே வாடகை வீடியோ டெக். மேட்டு லயத்தில் ஒரு வீட்டில் டிவி வந்தால் லயமே அந்த வாசலில் கூடியது. வானொலி நாடகத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் இங்கே பின்வரிசைக்குப் போனார்கள்.

மேடை நாடகமும் அதே திசையில் நகர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மீட்டெடுத்தது நம் கலை வரலாற்றில் மிகப் பெரிய காரியம். 1962இல் 'கர்ணன் போர்', அதைத் தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. விடிய விடிய நடந்த கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, வட்டக்களரியிலிருந்து ஒருபக்க மேடைக்கு ஏற்றி, ஒளியமைப்பும் சேர்த்தார்கள். படித்த சபை கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனால்தான். அந்தப் பாதையில் பிறகு வந்த பள்ளிக்கூடக் கூத்துக்கள் கடிகாரத்தோடு போட்டியிட்டன. தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பதுளையிலும் பண்டாரவளையிலும் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியருக்குச் சில நிமிடங்கள்தான் கையில். முதலில் வெட்டுப்படுவது என்ன? திரும்பத் திரும்ப வரும் வரிகள், நீண்ட வரவு, கோமாளி கேட்கும் "நீ யாரு?" என்ற கேள்வி. வெளிச்சம் விழுந்தால் ஆள் தெரிகிறதே, சொல்ல எதற்கு என்று நினைக்கிறோம். வெட்டுகிறவர் எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு வெட்டிலும் கண் தெரியாத ஒரு ரசிகருக்கான வாசல் அடைபட்டது.

வீதி நாடகத்தை இங்கே மறக்கக் கூடாது. அந்தனி ஜீவாவும் அவரோடு நின்றவர்களும் மலையகத்தில் நடத்திய நாடகங்களுக்கு விளக்கும் இல்லை, திரையும் இல்லை, தப்பும் குரலும்தான். சனத்துக்கு நடுவே நின்று பேச வேண்டிய கட்டாயமே அவற்றைக் காதுக்கு நெருக்கமாக வைத்திருந்தது.

நடனத்துக்கு வந்தால் சிக்கல் கூடும். கும்மியிலும் கோலாட்டத்திலும் கையொலியும் கம்பொலியும் வட்டத்தையே வரைந்து காட்டிவிடும். பரதத்தில் நட்டுவனாரின் சொற்கட்டு கால் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. கைகளோ ஓசையில்லாதவை. ஒரு முத்திரை மலர்ந்து, திரும்பி, முகத்தருகே வந்து கலைவதைச் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இதற்கு ஒரு வழியைப் பெங்களூரில் கண்டார்கள். அங்குள்ள ஸ்ரீ ரமண மகரிஷி விழிப்புலனற்றோர் கல்விக்கழகத்துப் பிள்ளைகளுக்கு மைசூர் பி. நாகராஜ் தொட்டு உணரும் முறையில் பரதம் கற்பித்தார். குருவின் கையை மாணவர் தடவிப் பார்த்து முத்திரையைத் தன் விரலில் ஏற்றிக்கொள்வார். ஒருமுறை உடம்பு அறிந்துவிட்டால், பிறகு பாட்டில் அந்தச் சொல் வரும்போது கை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆடுகிறவர்களுக்காகப் பிறந்த இந்த முறை ரசிகருக்கும் பொருந்தும். ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம் நாலு முத்திரைகளைக் கையில் பிடித்துக் காட்டினால், பிறகு விவரிப்பவர் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

இலங்கையில் இந்தத் திசையில் பெரிய அடி 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சுனேரா மன்றம். லண்டனில் 1980இல் ஆமிச்சி நடனக் குழுவைத் தொடங்கிய வொல்ஃப்காங் ஸ்டாங்கே இங்கே வந்து, மாற்றுவலுவுள்ள இளைஞர்களையும் போரில் உறுப்பிழந்த படையினரையும் ஒரே மேடையில் ஆட வைத்தார். அந்தத் தயாரிப்பின் தொடர்ச்சியாக அவரோடு சேர்ந்து சுனேத்ரா பண்டாரநாயக்க நிறுவியது அந்த மன்றம். யார் ஆடலாம் என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. யார் ரசிக்கலாம் என்ற கேள்வி அதன் அடுத்த பக்கம்.

சட்டப் புத்தகத்தில் பதில் எழுதியாகிவிட்டது. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் இடத்துக்கு ஒருவர் வருவதை அவருடைய குறையைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் சாய்தளம், கைப்பிடி, கதவின் அகலம் என்று கட்டிடத்தைப் பற்றிப் பேசுகின்றன. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போய், தொலைக்காட்சி, திரைப்படம், நாடகம் எல்லாம் மாற்றுவலுவுடையோர் அனுபவிக்கக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. மண்டபத்துக்குள் வரச் சாய்தளம் போட்டுக் கொடுத்தவர், உள்ளே வந்தவருக்கு மேடையில் நடப்பதைச் சொல்ல ஆள் வைக்காவிட்டால், அவர் கொடுத்தது ஒரு நாற்காலி மட்டுமே. 2012 குடிசன மதிப்பீட்டில் பார்ப்பதில் சிரமம் உண்டு என்று பதிந்தவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 10 இலட்சம் பேர். தோட்டங்களில் புகையடைந்த காம்பராக்களில் முதுமையடைந்தவர்களும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள்.

பதுளையில் இதைத் தொடங்க வாஷிங்டன் அரங்கின் கருவிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் நடக்கும் நாடகத்துக்குக் கருவி வசதிதான். ஒரு சின்ன எப்.எம். அனுப்பியும், கைப்பேசி வானொலியும் அந்த வேலையைச் செய்யும். கூத்துக்கு அது சரிவராது. தப்பு முழங்கும்போது காதுக்கருவியில் வருகிற குரல் எடுபடாது. பாட்டோ இடைவெளி விடாமல் ஓடும். விவரிப்பு களத்துக்குள்ளிருந்தே வர வேண்டும். அதற்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். கோமாளி எந்த நேரமும் உள்ளே வரலாம், யாரிடமும் எதையும் கேட்கலாம், சபையோடு நேரே பேசலாம். ரதி புலம்பப்போகும் நேரத்தில், தப்பு அடங்கிய அந்த ஒரு நொடியில் அவன் சொல்லட்டும்:

"தாயி மண்டி போட்டுட்டா. தலைப்பூவப் பிச்சி எறியிறா. கை நெறையச் சாம்பல அள்ளுறா."

அவ்வளவுதான். பிறகு அவள் பாடட்டும். கண் தெரிந்தவருக்கு அது கோமாளியின் பேச்சு. களத்தின் ஓரத்தில் இருக்கும் கிழவிக்கு அதுவே காட்சி. வீரபத்திரன் வரும்போது, மன்மதன் ஓரம் போகும்போது, கம்பத்தில் தீ பற்றும்போது என்று ஓர் இராத்திரிக்கு இருபது முப்பது இடங்களில் இப்படி நுழைய முடியும். கூத்துத் தொடங்குமுன் வில்லையும் முடியையும் சலங்கையையும் ஒரு பாயில் பரப்பிவைத்து, தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களை அழைத்து வந்து உட்கார வைக்கலாம். ஒப்பனை முடிந்த ஆட்டக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்து, இது யாருடையது என்று தம் குரலிலேயே சொன்னால், பிறகு களத்தில் அந்தக் குரலைக் கேட்டதும் முடியின் கனமும் நினைவுக்கு வரும். ஊவா சமூக வானொலி போன்ற ஒலிபரப்பு ஒன்று இப்படி நடக்கும் கூத்தை இரவு முழுவதும் எடுத்துக்கொடுத்தால், நடக்க முடியாமல் காம்பராவிலேயே கிடக்கிறவர்களுக்கும் அது போய்ச்சேரும்.

வாத்தியார்கள் ஒத்திகையை மாசிக்கு முன்பே தொடங்கிவிடுகிறார்கள். பாட்டுக் கொப்பிகள் அப்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். கோமாளிக்கு எழுதிவைத்த பேச்சு பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான் அவன் வழக்கம். இந்த வருடம் அந்தக் கொப்பியின் ஓரத்தில், எந்தப் பாட்டுக்கு முன்னால் அவன் எதைச் சொல்ல வேண்டும் என்று பென்சிலால் குறித்துவைக்கும்படி வாத்தியார்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் கண் தெரியாத பெரியவர் யாராவது இருந்தால், ஒத்திகைக்கே அவரைக் கூட்டிவந்து தப்புக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த இடத்தில் கதை விட்டுப்போகிறது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

(தொடரும்)